ஜெபம் வறண்டு போனால் முதல் மூன்று மாதம் என்ன செய்வது?

பைபிளைத் திறந்தால் எழுத்து தெரிகிறது, அர்த்தமும் தெரிகிறது, ஒன்றும் உள்ளே இறங்கவில்லை. முழங்கால் போட்ட இரண்டாவது நிமிடம் நாளைய டூட்டி ஞாபகம் வருகிறது. ஆராதனையில் பக்கத்தில் நிற்பவர் கண்ணீரோடு பாடுகிறார். நீங்கள் தலைக்கு மேல் ஃபேன் ஆடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறீர்கள். இந்த நிலையில் இருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு இது ஒன்றரை வருடம் நீடித்தது. நான் நர்ஸ். சொந்த ஊர் தூத்துக்குடி மாவட்டம் நாசரேத் பக்கம், வேலை சென்னையில். ஓய்வுநாள் பள்ளி, திடப்படுத்தல், பாடகர் குழு என்று எல்லாம் வரிசையாக நடந்த வீடு. அதனாலோ என்னவோ, வறட்சி வந்தபோது அதற்கு ஒரு பெயர் உண்டு என்றுகூட எனக்குத் தெரியவில்லை. யாரிடம் சொன்னாலும் "இன்னும் அதிகமா ஜெபிங்க சிஸ்டர்" என்றார்கள். தண்ணீர் வராத குழாயை இன்னும் அழுத்தித் திருகச் சொன்ன மாதிரி இருந்தது. அந்த ஒன்றரை வருட அலைச்சலில் பாதியை மிச்சப்படுத்தியிருக்கலாம் என்று இப்போது தெரிகிறது.

நான் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) என்பதால் சொற்கள் எங்கள் சபைச் சொற்களாக இருக்கும். 'ஐயர்' என்றால் எங்கள் சபைப் போதகர். கத்தோலிக்கர்கள் அது வரும் இடத்தில் பங்குத்தந்தை என்றும், 'திருவிருந்து' என்று வரும் இடத்தில் நற்கருணை என்றும் வாசித்துக்கொள்ளுங்கள்.

1. இது எந்த வகை என்று பாருங்கள் (முதல் வாரம், செலவு: ஒரு ரத்தப் பரிசோதனை)

மூன்று விஷயங்கள் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரி இருக்கும்: வறட்சி, பின்மாற்றம் (விசுவாசத்தை விட்டு விலகிப் போவது), நோய். மூன்றுக்கும் மருந்து வேறு. நம் சபைகளில் எல்லாவற்றையும் பின்மாற்றம் என்ற ஒரே பையில் போட்டுவிடுகிறார்கள். சிக்கலே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

16ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினில் வாழ்ந்த சிலுவையின் யோவான் வறட்சிக்கு மூன்று அடையாளங்கள் சொல்கிறார். சொந்த சபைத் துறவிகளே அவரை 1577இல் பிடித்துத் தொலேதோவில் ஏறக்குறைய ஒன்பது மாதம் அடைத்து வைத்திருந்தார்கள், ஆகவே இருட்டைப் பற்றி அவர் பேசினால் கேட்கலாம். முதல் அடையாளம்: தேவ காரியங்களில் ருசி போய்விட்டது, ஆனால் உலகக் காரியங்களிலும் ருசி இல்லை. இரண்டாவது: 'நான் பின்வாங்கிப் போய்க்கொண்டிருக்கிறேனோ' என்ற கவலை விடாமல் அரிக்கிறது. மூன்றாவது: முன்பு செய்ததுபோல மனதில் காட்சிகளைக் கொண்டுவந்து தியானிக்க முடியவில்லை.

இரண்டாவதைக் கவனியுங்கள். உண்மையாகவே பின்மாறிப் போனவருக்கு அந்தக் கவலை இருக்காது. ஒரு தப்பை விடாமல் செய்துகொண்டு, அதனால் ஜெபத்தைத் தவிர்க்கிறீர்கள் என்றால் உங்களுக்கே அது தெரியும். அதற்கு இந்தக் கட்டுரை வேண்டாம், பாவ அறிக்கை போதும். அப்படி எதுவும் கண்ணுக்குத் தெரியாமல், தேவன் இல்லாததுபோல் இருப்பது வலிக்கிறது என்றால் அது வறட்சி.

நோயை விட்டுவிடாதீர்கள். இப்படிப்பட்ட நிலை உடல்நிலையாலும் மனச்சோர்வாலும் வரலாம் என்று அந்த யோவானே எச்சரித்திருக்கிறார். என் கதையைக் கேளுங்கள். ஆறு மாதம் தினமும் காலையில் எழுந்து சாத்தானைக் கடிந்துகொண்டிருந்தேன். மாடி ஏறினால் மூச்சு வாங்கியது, அதையும் ஆவிக்குரிய போராட்டம் என்றே நினைத்தேன். கூட வேலை செய்யும் அக்கா என் கண்ணிமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "ஏன் இவ்வளவு வெளுத்திருக்கு?" என்றார். ஹீமோகுளோபின் 8.2. குறைந்திருந்தது இரும்புச்சத்து! நர்ஸுக்கே இந்தக் கதி.

எனவே முதல் வாரத்தில் ஹீமோகுளோபின், தைராய்டு இரண்டையும் பார்த்துவிடுங்கள். அரசு மருத்துவமனையில் காசு கிடையாது. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டு, பசி கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல், செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம் தலைகாட்டினால் ஐயரிடம் போவதற்கு முன் மனநல மருத்துவரிடம் போங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள். மாத்திரை சாப்பிடுவது அவிசுவாசம் என்று யாராவது சொன்னால் அவர் போட்டிருக்கும் மூக்குக்கண்ணாடியைப் பாருங்கள்.

இரும்பு மாத்திரை சாப்பிட்டு மூன்று மாதத்தில் என் மூச்சிரைப்பு போய்விட்டது. ஜெபம் திரும்பி வரவில்லை. ஆக எனக்கு இரண்டுமே இருந்தது. உங்களுக்கும் அப்படி இருக்கலாம்.

2. தூங்குங்கள், சாப்பிடுங்கள் (அதே வாரம்)

1 இராஜாக்கள் 19ஐ எடுத்துப் பாருங்கள். கர்மேலில் அக்கினி இறங்கியதைப் பார்த்த அதே எலியா, அடுத்த அதிகாரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து "போதும் கர்த்தாவே" என்று சாகக் கேட்கிறார். தேவதூதன் வந்து பிரசங்கம் செய்தானா? தட்டி எழுப்பி, "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்றான். தழலில் சுட்ட ஒரு அடை, ஒரு பாத்திரத்தில் தண்ணீர். சாப்பிட்டுவிட்டு எலியா திரும்பவும் படுத்துக்கொண்டார். தூதன் இரண்டாவது தடவையும் வந்து சாப்பிடத்தான் சொன்னான். அதற்குப் பிறகுதான் நாற்பது நாள் நடை, ஓரேப், அமர்ந்த மெல்லிய சத்தம் எல்லாம். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

நைட் டூட்டி பார்ப்பவர்களுக்கு: 'அதிகாலையில்தான் ஜெபிக்க வேண்டும்' என்று எங்கும் சட்டம் இல்லை. டூட்டி முடிந்து காலை எட்டு மணிக்கு வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் முழங்காலில் நின்று, அங்கேயே தூங்கி விழுந்து, அதற்கும் ஒரு குற்ற உணர்வைச் சேர்த்துக்கொண்டவள் நான். முதலில் தூங்குங்கள். எழுந்து காபி குடித்த பிறகு ஜெபியுங்கள். உங்களுக்கு அதுதான் அதிகாலை.

வறட்சியில் இருக்கும்போது நீண்ட உபவாசம் வேண்டாம் என்பது என் கருத்து. சபையோடு சேர்ந்து லெந்து காலத்தில் ஒரு வேளை விடுவது வேறு. தனியாக மூன்று நாள், ஏழு நாள் என்று ஆரம்பிக்காதீர்கள். சர்க்கரை, அல்சர் உள்ளவர்கள் கண்டிப்பாக வேண்டாம்.

3. பெரிய முடிவு எதையும் மூன்று மாதத்துக்குத் தள்ளிப் போடுங்கள்

இயேசு சபையைத் தொடங்கிய இஞ்ஞாசியார் இந்த விஷயத்தில் பெரிய கெட்டிக்காரர். அவர் வகுத்த விதிகளில் ஐந்தாவது இதுதான்: மனம் வறண்டு கிடக்கும்போது எதையும் மாற்றாதே, அதற்கு முன்பு தெளிவாக இருந்தபோது எடுத்த தீர்மானத்திலேயே நில்.

நடைமுறையில் இதற்கு என்ன அர்த்தம்? சபை மாற வேண்டாம். இன்னொரு ஞானஸ்நானம் எடுக்க ஓட வேண்டாம். வேலையை விட்டுவிட்டு ஊழியத்துக்குப் போகிறேன் என்று பொருத்தனை பண்ண வேண்டாம். 'இனி எனக்கு விசுவாசம் இல்லை' என்று வீட்டில் அறிவிக்கவும் வேண்டாம். நான் இரண்டாவது மாதமே பாடகர் குழுவிலிருந்து விலகினேன். "மனசில்லாம பாடுறது மாய்மாலம்" என்று பெரிய நியாயம் பேசினேன். திரும்பச் சேர எட்டு மாதம் ஆயிற்று, அதற்குள் ஆல்டோ குரல் வரிசையில் என் இடத்துக்கு வேறு பெண் வந்துவிட்டாள். மனசில்லாமல் பாடுவது மாய்மாலம் இல்லை. மனசு இருப்பதுபோல் நடிப்பதுதான் மாய்மாலம். சும்மா நின்று பாடுங்கள். முகத்தில் எதையும் வரவழைக்க வேண்டாம்.

4. கடன் வாங்கி ஜெபியுங்கள் (தினமும் 12 நிமிடம்)

சொந்த வார்த்தை வராதபோது சொந்த வார்த்தைக்காகக் காத்திருக்கக் கூடாது என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருடம் பிடித்தது. நாம் 'மனதிலிருந்து வரும் ஜெபம்' என்பதற்குக் கொடுத்த மரியாதையில் எழுதி வைத்த ஜெபத்தைக் கீழாக நினைக்கப் பழகிவிட்டோம். மனது காலியாக இருக்கும்போது அதிலிருந்து என்ன வரும்?

வாங்க வேண்டியது: பெரிய எழுத்துப் பைபிள் ஒன்று, சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். ஃபோனில் வாசிக்காதீர்கள். மூன்றாவது வசனத்தில் வாட்ஸ்அப் வந்துவிடும். சின்ன வயதிலிருந்து பழைய மொழிபெயர்ப்பையே வாசித்தவர் என்றால் 1995இல் வந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பையும் யாரிடமாவது இரவல் வாங்குங்கள். மனப்பாடமான வசனம் நாக்கில் வழுக்கிக்கொண்டு போய்விடும். வேறு வார்த்தையில் வரும்போது ஒரு இடத்திலாவது கால் இடறும்.

எனக்கு நின்ற ஒழுங்கு இது. ஒரு சங்கீதம் வாய்விட்டு, ஐந்து நிமிடம். மாற்குவில் பத்துப் பதினைந்து வசனம், நான்கு நிமிடம். பரமண்டல ஜெபம், மெதுவாக. பாக்கி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பது. அலாரம் அடித்தவுடன் எழுந்துவிட வேண்டும். 'இன்றைக்கு நன்றாக இருக்கிறது' என்று நீட்டவும் கூடாது, 'ஒன்றும் இல்லை' என்று குறைக்கவும் கூடாது. இந்தக் கட்டுப்பாடு முக்கியம், இல்லையென்றால் திரும்பவும் உணர்ச்சியை அளக்க ஆரம்பித்துவிடுவோம்.

எந்தச் சங்கீதம்? முதல் மாதம் துதி சங்கீதங்கள் பக்கம் போகாதீர்கள். 13, 22, 42, 43, 63, 77, 88, 130, 143 இவற்றைச் சுற்றிச் சுற்றி வாசியுங்கள். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று 13 ஆரம்பிக்கிறது. இப்படிக் கேட்க எனக்குப் பயமாக இருந்தது. பைபிளுக்குள்ளேயே அச்சடித்திருக்கிறது, தைரியமாகக் கேளுங்கள். 63இல் "வறண்டதும் விடாய்த்ததும் தண்ணீரற்றதுமான நிலத்திலே" என்று வருவது யூதேய வனாந்தரம். எங்கள் பக்கத்துத் தேரிக்காட்டுச் செம்மணலில் நடந்தவர்களுக்கு அது அப்படியே விளங்கும். 88 இன்னும் மோசம்: கடைசி வசனம் வரைக்கும் ஒரு வெளிச்சமும் கிடையாது, சிநேகிதனும் தோழனும் விலகிப் போனதோடு முடிந்துவிடுகிறது. அப்படி முடியும் ஒரு பாட்டையும் ஆலயத்தில் பாட வைத்துக்கொண்டார்கள் என்பதே எனக்கு அந்த நாட்களில் ஒரு பிடிமானமாக இருந்தது.

இரண்டு இடத்தில் விழுவீர்கள். ஒன்று, 119ஆம் சங்கீதம். 176 வசனம். 'ஒரு நாளைக்கு ஒரு சங்கீதம்' என்று வரிசையாகப் போனால் அன்றைக்கு எல்லாம் நின்றுபோகும். எட்டெட்டு வசனமாக 22 பகுதி இருக்கிறது, ஒரு நாளைக்கு ஒன்று போதும். இரண்டு, ஒரு வருடத்தில் பைபிளை முடிக்கும் அட்டவணை. மொத்தம் 1,189 அதிகாரம், நாளுக்கு மூன்று நான்கு. ஜனவரியில் உற்சாகமாகக் கிளம்பி லேவியராகமத்தில் படுத்துவிட்டவர்கள் சபைக்குப் பாதிப் பேர் இருப்பார்கள். வறட்சியில் அந்த அட்டவணை கடன்காரன் மாதிரி துரத்தும். மாற்கு 16 அதிகாரம்தான். இரண்டு மாதத்துக்கு அது தாங்கும்.

நடக்கும்போது, பஸ்ஸில், வார்டில் டிரிப் மாற்றும்போது சொல்ல ஒரு வரி வேண்டும் என்றால் கீழைத் திருச்சபைகள் பல நூற்றாண்டாகச் சொல்லிவரும் ஜெபம் இருக்கிறது: "ஆண்டவராகிய இயேசு கிறிஸ்துவே, தேவகுமாரனே, பாவியாகிய என்மேல் இரங்கும்." அதுவும் நீளமாகத் தோன்றினால் மாற்கு 9இல் வரும் தகப்பனின் வார்த்தை: "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்." மகனைக் கூட்டிக்கொண்டு வந்த அந்த மனிதரிடம் அவ்வளவுதான் இருந்தது. இயேசு அதற்கு மேல் கேட்கவில்லை.

5. ஒரே ஒரு ஆளிடம் சொல்லுங்கள் (இரண்டாம் வாரத்துக்குள்)

அன்னை தெரசாவின் கடிதங்கள் 2007இல் வெளியானபோது பலருக்கு அதிர்ச்சி. ஏறக்குறைய ஐம்பது ஆண்டு அவர் உள்ளுக்குள் இருட்டில் இருந்திருக்கிறார். என்னை அதில் பிடித்து நிறுத்தியது வேறு ஒன்று: அவை கடிதங்கள். அவருக்குச் சொல்ல ஆள் இருந்தார்கள், அவரும் எழுதிச் சொன்னார்.

சபை வாட்ஸ்அப் குழுவில் 'எனக்காக ஜெபியுங்கள்' என்று போடாதீர்கள். இருபது கூப்பிய கைகள் வரும், அத்தோடு சரி. ஜெபக் குழுவில் பொதுவாகச் சொல்லவும் வேண்டாம், விஷயம் உங்களுக்கு முன்னால் வீட்டுக்கு வந்துசேரும். ஒரு ஆள் போதும். வயதில் மூத்தவர், உங்கள் வீட்டாருக்கு ரொம்ப நெருக்கம் இல்லாதவர், ஒரு பெரிய துக்கத்தைத் தாண்டி வந்தவர், கேட்டவுடன் வசனம் சொல்லாதவர். கடைசித் தகுதிதான் கிடைப்பது கஷ்டம்.

எனக்குக் கிடைத்தவர் ஓய்வுபெற்ற டீச்சர், எங்கள் பக்கத்து ஊர்க்காரர், சென்னையில் மகன் வீட்டில் இருக்கிறார். ஒரு புதன்கிழமை சாயங்காலம் போனேன். அவர் அடுப்படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை கை நிற்கவில்லை. முடித்ததும், "எத்தனை மாசமாட்டி?" என்றார். பன்னிரண்டு என்றேன். "எனக்கு உங்க மாமா போன பொறவு நாலு வருசம்," என்றார். கீரைக் காம்புகளைத் தனியே ஒதுக்கிவிட்டு, "சரி, உனக்கு ஜெபம் வரலன்னா நீ பண்ணாண்டாம். நான் சொல்லுதேன், நீ ஆமென் மட்டும் சொல்லு. ஆமெனும் வரலன்னா சும்மா உக்காந்திரு." அன்று அவர் ஜெபித்தது இரண்டு நிமிடம்கூட இருக்காது. என் பெயரையும், வார்டில் இருக்கும் நோயாளிகளையும், தன் முழங்கால் வலியையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். நான் ஆமென் சொன்னேனா என்று ஞாபகம் இல்லை. போகும்போது கீரையில் பாதியைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்.

கேட்கும் முறை: "டீச்சர், மூணு மாசத்துக்கு வாரம் ஒரு தடவை அரை மணி நேரம் வரலாமா?" என்று காலத்தை வரையறுத்துக் கேளுங்கள். அவர்களுக்கும் சுமை தெரியும், உங்களுக்கும் விடுபட வழி இருக்கும். கையில் பிஸ்கட்டோ பழமோ கொண்டு போங்கள்; காசு கொடுக்காதீர்கள். ஆண் ஊழியர் யாராவது 'தனியாக வந்தால்தான் ஜெபிப்பேன்' என்று சொன்னால் பெண்கள் போகாதீர்கள். கதவு திறந்திருக்கும் இடத்தில் ஜெபிக்காதவரிடம் நமக்கு வேலை இல்லை.

6. சபைப் பதிவேட்டில் உங்கள் பெயர் இருக்கிறதா? (நான்கு முதல் ஆறு வாரம்)

விசுவாசத்துக்கும் பதிவேட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். உள்ளே எதுவும் இல்லாதபோது, எங்கேயாவது ஒரு நோட்டில் நம் பெயர் எழுதியிருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது எனக்கு அது இல்லாமல் போனபோதுதான் தெரிந்தது. வீடு சந்திப்புக்கு வரும்போது அந்த நோட்டை வைத்துத்தான் வருவார்கள். ஆஸ்பத்திரியில் படுத்தால் யார் வருவார் என்பதும் அதில்தான் இருக்கிறது. வேலைக்காக ஊர் மாறிய என்னைப் போன்றவர்களுக்கு வறட்சியின் ஒரு வேர் இங்கேயே இருக்கிறது: ஊர்ச் சபையிலும் இல்லை, பட்டணத்துச் சபையிலும் இல்லை, ஐந்து வருடமாகப் பின் வரிசை விருந்தாளி.

என் அப்பா இருந்தவரை வீட்டுக்கு எல்லாம் சேர்த்து சங்கக் காணிக்கையை (சபை உறுப்பினர் சந்தாவை) அவர் கட்டிவந்தார். அவர் போன பிறகு யாரும் கட்டவில்லை. விசாரிக்கப் போனால், பாக்கி என்று என் பெயரையே அடித்திருந்தார்கள். சிவப்பு மையில், ஸ்கேல் வைத்து, நேர்க்கோடாக. கோபம் வந்தது, பிறகு சிரிப்பு வந்தது. கட்டிவிட்டு வந்தேன்.

சபை மாற்றிப் பதிய என்னிடம் கேட்டவை:

- ஞானஸ்நானச் சான்றிதழ்
- திடப்படுத்தல் சான்றிதழ்
- பழைய சபை ஐயர் கையெழுத்தும் முத்திரையும் போட்ட மாறுதல் கடிதம், பாக்கி இல்லை என்ற வரியோடு
- தற்போதைய முகவரிச் சான்று, இரண்டு ஃபோட்டோ

திருமணமானவர்களிடம் திருமணச் சான்றிதழும் கேட்பார்கள். சபைக்குச் சபை கொஞ்சம் மாறும், அதனால் போகும் முன் புதிய சபை அலுவலகத்தில் பட்டியலை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் கேட்டால் ஒவ்வொரு தடவையும் ஒன்று கூடும்.

சான்றிதழ் தொலைந்திருந்தால் பயப்பட வேண்டாம். எந்த ஆலயத்தில் ஞானஸ்நானம் நடந்ததோ அங்கே பதிவேடு இருக்கும். பெற்றோர் பெயர், பிறந்த தேதி, சுமாராக எந்த மாதம் என்று சொன்னால் பார்த்து நகல் தருவார்கள். அடிக்கடி மாட்டுவது பெயர்க் குழப்பம்: பதிவேட்டில் ஞானஸ்நானப் பெயர் இருக்கும், ஆதாரில் பள்ளிக்கூடப் பெயர் இருக்கும். இரண்டும் ஒரே ஆள் என்று மாறுதல் கடிதத்திலேயே ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். நான் சொல்ல மறந்து, செந்தூர் எக்ஸ்பிரஸில் இரண்டாவது தடவை போய் வந்தேன். எனக்கான மொத்தச் செலவு: இரண்டு வருடப் பாக்கி 2,400 ரூபாய், இரண்டு தடவை ரயில், ஒரு நாள் லீவு. ஐந்து வாரம் ஆனது. டிசம்பரில் இந்த வேலையை ஆரம்பிக்காதீர்கள், கிறிஸ்துமஸ் கீத பவனியில் ஐயர் கையில் கிடைக்கமாட்டார். அசனம் (சபையின் பொது விருந்து), பிரதிஷ்டைப் பண்டிகை வாரங்களும் அப்படியே.

பெயர் ஏறியதோ இல்லையோ, திருவிருந்தைத் தவிர்க்காதீர்கள். 'ருசியில்லாமல் எடுத்தால் அபாத்திரமாய்ப் போய்விடும்' என்று நான் ஏழு மாதம் எடுக்கவில்லை. 1 கொரிந்தியர் 11ஐ முழுவதும் வாசித்தால், பவுல் கண்டித்தது வேறு கூட்டத்தை. கொண்டு வந்ததை முந்திச் சாப்பிட்டுவிட்டு, இல்லாதவர்களைப் பசியோடு உட்கார வைத்தவர்களை. பசியோடு வருகிறவரை அவர் தடுக்கவே இல்லை.

ஞாயிறு டூட்டி இருப்பவர்கள் நகரத்தில் அதிகாலை ஆராதனையும் மாலை ஆராதனையும் உள்ள சபையாகப் பார்த்துப் பதிவது நல்லது.

7. இரண்டு இரவு வெளியே போங்கள் (இரண்டாம் மாதம்)

முதல் மாதத்திலேயே போகாதீர்கள். தினசரி 12 நிமிடம் நிலைப்பதற்கு முன் தியான இல்லம் போனால் அங்கே ஏதாவது நடக்கும் என்ற எதிர்பார்ப்பே நம்மைக் கெடுத்துவிடும்.

கன்வென்ஷன் கூட்டத்தைச் சொல்லவில்லை. ஒலிபெருக்கி இல்லாத இடத்தைச் சொல்கிறேன். காவிரிக்கரையில், குளித்தலை பக்கம் தண்ணீர்ப்பள்ளியில் சாந்திவனம் ஆசிரமம் இருக்கிறது. 1950இல் இரண்டு பிரெஞ்சுக் கத்தோலிக்கக் குருக்கள் தொடங்கியது. தினம் மூன்று வேளை பொது ஜெபம், மற்ற நேரம் மௌனம். சமஸ்கிருத சுலோகமும் ஆரத்தியும் உண்டு, எங்கள் பக்கத்துச் சனங்களுக்கு முதலில் தூக்கிவாரிப் போடும், தெரிந்துகொண்டு போங்கள். அது ஒத்துவராது என்றால் மறைமாவட்டங்களும் துறவற சபைகளும் நடத்தும் தியான இல்லங்கள் பல ஊர்களில் உண்டு, மற்ற சபையாரையும் பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார்கள்.

மூன்று வாரம் முன்னால் கடிதமோ மின்னஞ்சலோ அனுப்பி, தேதியை உறுதி செய்யுங்கள். ஆதார் நகல் எடுத்துச் செல்லுங்கள். சில இடங்களில் ஐயரிடமிருந்து ஒரு அறிமுகக் கடிதம் கேட்பார்கள், அதையும் முன்பே வாங்கி வையுங்கள். நான் போன இடத்தில் சாப்பாட்டோடு இரண்டு இரவுக்கு 1,400 ரூபாய் ஆனது. 'தனி தியானம்' என்று தெளிவாகக் கேளுங்கள். நான் கேட்கவில்லை, நாற்பது இளைஞர்களின் கிட்டார் முகாமுக்கு நடுவே போய் மாட்டிக்கொண்டேன்.

முதல் நாள் முழுக்கத் தூங்குவீர்கள். அதற்கும் சேர்த்துத்தான் இரண்டு இரவு.

8. காசும் மானமும் போகும் இடங்கள்

வறண்டவர் கண்ணுக்குக் கானல் நீர் நிறையத் தெரியும். நான் போய் விழுந்தவற்றை மட்டும் சொல்கிறேன்.

விதைக் காணிக்கை. "ஆயிரம் ரூபாய் விதையுங்கள், உங்கள் வறட்சி உடையும்" என்று யூடியூபில் ஒருவர் சொன்னார், அனுப்பினேன். அடுத்த வாரமே இன்னொரு எண்ணிலிருந்து, அதைவிடப் பெரிய விதைக்கு அழைப்பு. வறட்சி அப்படியே இருந்தது. காணிக்கை கொடுங்கள், ஆனால் ரசீது தருகிற உங்கள் சபைக்கு, எப்போதும் கொடுக்கிற அளவில். பதிலுக்கு எதையும் எதிர்பார்த்து அல்ல.

தனி தீர்க்கதரிசனம். டோக்கன் வாங்கி நான்கு மணி நேரம் வரிசையில் நின்றேன். "உங்க குடும்பத்துல ஒரு சாபம் இருக்கு" என்றார்கள். அந்த ஒரு வரியைத் தலையிலிருந்து இறக்க ஆறு மாதம் ஆனது.

வாக்குத்தத்த அட்டை. புத்தாண்டு ஆராதனையில் எல்லாரும் எடுக்கும் வசன அட்டையை நானும் எடுப்பேன், தப்பில்லை. ஆனால் வறட்சியில் ஒவ்வொரு நாளும் கண்ணை மூடிப் பைபிளைத் திறந்து விரல் வைத்துப் பார்ப்பது சீட்டு எடுப்பதற்குச் சமம். எனக்கு ஒரு நாள் வம்ச வரலாறு வந்தது, இன்னொரு நாள் எகிப்துக்கு விழுந்த வாதை வந்தது. அன்று முழுக்க வெறுமனே பயந்துகொண்டிருந்தேன்.

9. மூன்று மாதம் முடிந்தால்

காலண்டரில் ஆரம்பித்த தேதியையும் 90ஆம் நாளையும் வட்டம் போட்டு வையுங்கள். இடையில் 'வந்துவிட்டதா, வந்துவிட்டதா' என்று பார்க்காதீர்கள், பானை மூடியைத் திறந்து திறந்து பார்த்தால் சோறு வேகாது. 90ஆம் நாள் உங்கள் டீச்சரோடு உட்கார்ந்து மூன்று கேள்வி: எத்தனை நாள் 12 நிமிடம் உட்கார்ந்தேன்? எத்தனை ஞாயிறு போனேன்? வீட்டில், வேலையிடத்தில் முன்னைவிடச் சிடுசிடுப்பாக இருக்கிறேனா, இல்லையா? மூன்றாவதை உங்கள் வீட்டாரிடம் கேளுங்கள், சரியான பதில் வரும்.

எனக்கு 90ஆம் நாள் முதல் கேள்விக்கு 61 நாள் என்று வந்தது. ருசி திரும்பவில்லை. டீச்சர் நோட்டைப் பார்த்துவிட்டு, "அறுபத்தொண்ணா? நல்ல மார்க்குதான்" என்று இன்னும் மூன்று மாதத்துக்குக் கோடு போட்டார். அதற்கடுத்த மழைக்காலத்தில் மெல்ல ஈரம் தெரிந்தது. என்றைக்கு என்று தேதி சொல்லத் தெரியவில்லை. ஒரு நாள் அலாரம் அடித்தபோது எழ மனமில்லாமல் இருந்தது, அவ்வளவுதான். விதிப்படி எழுந்துவிட்டேன். இப்போதும் நடுவில் நடுவில் காய்ந்துபோகிறது; முன்புபோல அலறுவதில்லை.

மூன்று மாதத்துக்குப் பிறகும் முதல் பகுதியில் சொன்ன நோய் அடையாளங்கள் இருந்தால், இரண்டாவது சுற்றுக்குப் போகாமல் மருத்துவரிடம் திரும்பிப் போங்கள்.

இன்றைக்குத் திங்கட்கிழமை என்றால் ஐயருக்கு ஃபோன் போடாதீர்கள், பெரும்பாலும் அவர்களுக்கு அன்றுதான் ஓய்வு. செவ்வாய் காலை பத்து மணிக்கு மேல் பிடிக்கலாம். அதுவரைக்கும் சங்கீதம் 13 இருக்கிறது, ஆறே வசனம்தான்.